உயிர் இருக்கிற வரைக்கும் செல்லும்

அப்பா செத்துப்போனதை மத்தியானம் வரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாது என்று திருமலை சொன்னான். சொல்லிவிட்டுத் தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரி செய்துகொண்டான். குணசுந்தரிக்கு முதலில் எரிச்சலூட்டியது அந்த மீசைதான். சொன்ன சொல் அப்புறம்தான் உறைத்தது.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கூடத்துக் கயிற்றுக் கட்டிலில் பச்சையப்பன் வாய் திறந்தபடி கிடந்தார். கஞ்சி ஊட்டப் போன குணசுந்தரி முதல் வாயைப் புகட்டினாள். கஞ்சி உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்து கழுத்துக்குப் போயிற்று. அவள் தொட்டுப் பார்த்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள். கன்னியம்மாள் வந்து பார்த்து, மார்பில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினாள். பின்னாலேயே ஓடி வந்த திருமலை அந்தக் கையை அந்தரத்திலேயே பிடித்து நிறுத்தினான்.

அன்றைக்குத்தான் வீட்டை விற்கப் பத்திரப் பதிவு. விற்பவர் பச்சையப்பன். அவருக்காகக் கையெழுத்துப் போடப் போகிறவன் திருமலை. அதற்கான பவர் பத்திரம் அவன் தோல்பையில் இருந்தது.

அந்தப் பவர் வந்த கதை இப்படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தொன்றில், பச்சையப்பனுக்கு இடது பக்கம் விழுந்துபோனது. படுத்த மனிதருக்கும் சர்க்கார் காகிதங்கள் நிற்பதில்லை. நெசவாளர் சொசைட்டியில் அவர் பெயரில் கொஞ்சம் டெபாசிட் இருந்தது. வீட்டு வரி, கரண்டு, எல்லாம் அவர் பெயரில். ஒவ்வொன்றுக்கும் அவரை ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. வாயில் எச்சில் ஒழுக அவர் சொசைட்டி பெஞ்சில் சாய்ந்து கிடப்பதை ஊரே பார்த்துவிட்டுப் போகும். அம்பத்தூரில் பேக்டரி வேலையில் இருந்த திருமலை ஒருமுறை வந்தபோது, ஒரு பவர் எழுதி வைத்துவிட்டால் அப்பாவுக்கு இந்த அலைச்சல் இருக்காது என்றான். நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்பாவை ஒப்புக்கொள்ள வைத்தவளே குணசுந்தரிதான். சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்தார்கள். மடங்கி இறுகிப்போன இடது கையிலிருந்து கட்டைவிரலைப் பிரித்தெடுத்து, மை தடவிக் காகிதத்தில் ஒற்றியதும் அவள்தான். சம்மதத்தோடுதான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டதற்கு அப்பா ‘ம்’ என்றார். அப்போது அவருக்கு அந்த அளவுக்குப் பேச்சு இருந்தது.

பத்திரம் எழுதுகிறவர் ஒரே மூச்சில் படித்தார். வரி கட்டவும், ரசீது பெறவும், வழக்காடவும், விற்கவும் என்று. விற்கவும் என்ற சொல் குணசுந்தரியின் காதில் விழாமல் இல்லை. அது எதற்கு என்று கேட்டாள்.

“எல்லா பவர்லயும் அப்பிடித்தாம்மா போடறது,” என்றார் அவர். “பயப்படாத. அவரு உயிரு இருக்கிற வரைக்கும்தான் இது செல்லும். அதுக்கப்புறம் வெறும் காய்தம்.”

அவளுக்கு அன்றைக்கு அது ஆறுதலாக இருந்தது. அப்பா போனபின் அண்ணனால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தாள். அப்பா இருக்கும்போதே செய்வான் என்று நினைக்கவில்லை. கூடப் பிறந்தவனைப் பற்றி அப்படி நினைக்க ஒரு புத்தி வேண்டும். அது அவளுக்கு இல்லை.

சாவுக்கு முந்தின நாள் சாயந்திரம் திருமலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, காபி குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். தெருவில் பாதித் தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவையாக வாங்குகிற முதலாளி தணிகாசலத்துக்கு இந்த வீடு வேண்டுமாம். இடித்துவிட்டு விசைத்தறி போடுவாராம். விலை பேசியாகிவிட்டது. அப்பாவையும் அம்மாவையும் அம்பத்தூருக்கு அழைத்துப் போவதாகச் சொன்னான்.

“நானு?” என்றாள் குணசுந்தரி.

ஒரு வாடகை இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னான். குழித்தறிக்கு வீட்டுக்குள் தரையைத் தோண்டவேண்டும். வாடகைக்கு வந்தவள் கூடத்தில் இடுப்பளவு குழி தோண்ட எந்த வீட்டுக்காரன் விடுவான்? இது திருமலைக்குத் தெரியாதா? அதே குழிக்கரையில் தவழ்ந்தவன்தானே. களம்பூரில் ரைஸ்மில் லாரிக்குக் கணக்கு எழுதுகிறவனுக்கு வாக்கப்பட்டு, அவன் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டபோது கட்டின புடவையோடு திரும்பி வந்தவள் அவள். அதிலிருந்து அந்தக் குழிதான் அவளுக்கு எல்லாம். அப்பா விழுந்த பிறகு மூன்று பேருக்கும் அதுவே சோறு போட்டது. பொங்கலுக்கு வேட்டி துண்டோடு வந்து போகிறவனுக்கு அது தரையில் இருக்கிற ஒரு பள்ளம்.

சண்டை முற்றியபோது அவன் உள்ளதைச் சொல்லிவிட்டான். இது அப்பா தறியில் சம்பாதித்து வாங்கின வீடு. அவர் ஒன்றும் எழுதி வைக்காமல் போனால் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சரிசமமாக வரும். “நைனா கண்ண மூடினா நீயும் பங்குக்கு வந்து நிப்ப. அதுக்குள்ள முடிச்சிக்கணும்னுதான் ஜல்தியா வந்தேன்,” என்றான். கட்டிலில் கிடந்தவரின் காதுக்கு எட்டாத தூரமில்லை அது. பேச்சு அடியோடு நின்றுபோயிருந்ததே தவிர அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். கண்ணை மூடாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடியும்போது போய்விட்டார்.

இப்போது திருமலை தோல்பையைத் திறந்து பார்த்து மூடினான். பிறகு குணசுந்தரியைத் தறியில் போய் உட்காரச் சொன்னான்.

அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தால் யாரும் யாருக்கும் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. சாவு வீட்டுத் தறி நிற்கும். அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தறி நிற்கும். அதைக் கேட்டு அடுத்தது. பிணம் எடுக்கிற வரைக்கும் தெருமுனையிலிருந்து தெருமுனை வரை ஒரு தறி ஓடாது. தறி ஓடுகிற வீட்டில் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

“தறி ஓடிகினு இருந்தா எவனும் எட்டிப் பாக்க மாட்டான். நான் போயி ரிஜிஸ்டர் முடிச்சிகினு வந்துடறேன். அப்புறமா எவ்ளோ வேணா அழுங்க.”

“நீ மனுசனாடா?” என்றாள். அண்ணனை டா போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவன் அம்மா பக்கம் திரும்பினான். கத்தினால் இப்படியே பஸ் ஏறிவிடுவதாகச் சொன்னான். “கொள்ளி வெக்கறதுக்கு உன் பொண்ணயே கூப்ட்டுக்கோ.”

அவன் ஆளைத் தெரிந்து அடித்தான். கன்னியம்மாளுக்கு வீடு போவது பெரிதில்லை. புருஷன் பிள்ளை கையால் நெருப்பு வாங்காமல் போவது பெரிது. ஓங்கின கை துவண்டு கீழே வந்தது. எழுந்து வந்து மகளின் மோவாயைப் பிடித்தாள். கொஞ்ச நேரம்தானே, போய் உட்காரடி, உன் நைனாவை அநாதைப் பிணமாக்கிவிடாதே என்று கெஞ்சினாள். அவள் குரலே எழவில்லை. அழுகையை விழுங்கினால் பேச்சும் கூடவே உள்ளே போய்விடுகிறது போலும்.

குணசுந்தரி குழிக்குள் இறங்கினாள்.

திருமலை அப்பாவின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டான். சாட்சிக் கையெழுத்துக்குப் பேசி வைத்திருந்த எல்லப்பன் அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கிற பங்காளி. பச்சையப்பனுக்குத் தம்பி முறை. வெள்ளை வேட்டியும் நெற்றியில் பட்டையுமாக வாசற்படியில் நின்று, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

“தூங்கறாரு சித்தப்பா. ராத்திரி பூரா இருமல்.”

“தூங்கட்டும், தூங்கட்டும். இன்னா குணா, விடிஞ்சதும் விடியாததுமா குழியில எறங்கிட்ட? மொதலாளி பொண்ணு கல்யாணப் பொடவையா? சீக்கிரம் முடிச்சிக் குடுத்துடு. இல்லாட்டி அந்தாளு மாப்பிள்ளைய இங்கியே கூட்டாந்து உக்கார வெச்சிடுவாரு.” தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தார்.

அவள் ‘ம்’ என்றாள். இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். செத்த பங்காளியை நாலடி தூரத்தில் வைத்துக்கொண்டு அவர் சிரித்துவிட்டுப் போகிறார். தீட்டு மேலே விழுந்தது தெரியாமல் நெற்றிப் பட்டையோடு கையெழுத்துப் போடப் போகிறார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதற்காகத் தன்மேலும் கோபம் வந்தது.

மிதித்தாள். நூல் நாடாவைக் குறுக்கே எறிந்தாள். பலகையை இழுத்து அடித்தாள். அப்போதுதான் எல்லப்பன் சொன்னது சரியாக மண்டைக்குள் போயிற்று. தறியில் இருப்பது தணிகாசலத்தின் சொந்த மகளுக்கு முகூர்த்தப் புடவை. அரக்குச் சிவப்பு. தறியில் பாவு நூல் ஏற்றிய நாளில் கற்பூரம் காட்டி ஏற்றியது. வீட்டுக்குத் தூரமான நாட்களில் அவள் அந்தக் குழிப்பக்கமே போகாமல் ஒதுங்கி இருந்தாள். தணிகாசலம் அப்படிச் சொல்லித்தான் பட்டு கொடுத்திருந்தார். இப்போது பிணத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இழையாக அதில் போட்டுக்கொண்டிருந்தாள். நெசவுத் தெருவில் பிறந்த ஒருத்தன் இதைச் செய்யச் சொல்வானா? பேக்டரிக்குப் போனவன் மறந்துவிட்டான். அவனுக்குச் சத்தம்தான் வேண்டியிருந்தது. என்ன நெய்கிறாள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அடி பலமாக விழுந்தது. நெருக்கி நெருக்கி அடித்ததில் புடவையில் ஒரு விரற்கடை அகலத்துக்குத் துணி தடித்து, நிறம் கறுத்து, வடு மாதிரி தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் அடித்தாள்.

கட்டிலடியில் கன்னியம்மாள் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கழுத்தில் காய்ந்த கஞ்சிக்கு எறும்பு வந்துவிட்டது. கட்டில் காலில் ஏறி, போர்வை ஓரமாய் வரிசை பிடித்து வாய்க்குப் போனது. அவள் ஒரு கையால் அதைத் தள்ளித் தள்ளி விட்டாள். தள்ளத் தள்ள வந்தது. ஒரு தடவை வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டுப் புருஷனின் காதருகே குனிந்தாள்.

“கொஞ்சம் பொறுத்துக்கோய்யா. இதோ வந்துடுவான்,” என்றாள். திரும்பவும் துணியை வாயில் வைத்துக்கொண்டாள்.

குளிக்க வெந்நீர் காய்கிற வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி சொன்னாள். குணசுந்தரியின் கை நின்றது.

நாடாவைப் புடவை மேலேயே போட்டுவிட்டுக் குழியை விட்டு ஏறினாள். அம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்து, அழு என்றாள். அவன் வந்துவிடட்டும் என்று அம்மா தலையை ஆட்டினாள்.

“அவன் வந்து உத்தரவு குடுத்தாத்தான் அழுவியா? நாப்பது வருசம் குடும்பம் நடத்தினவ நீ. அழு.”

கன்னியம்மாள் மறுபடியும் தலையை ஆட்டினாள். குணசுந்தரி கையை நீட்டி அவள் வாயிலிருந்த துணியைப் பிடுங்கினாள். எச்சிலோடு வந்தது துணி. அதன் பின்னாலேயே வந்தது சத்தம். அது ஒப்பாரி இல்லை. ஒப்பாரிக்குச் சொல் இருக்கும், இழுப்பு இருக்கும். இது கன்று போடுகிற மாடு அடிவயிற்றிலிருந்து கத்துகிற கத்தல். இத்தனை நேரம் அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது.

பக்கத்து வீட்டுத் தறி நின்றது. எதிர்ச்சாரியில் ஒன்று நின்றது. அப்புறம் அந்தப் பக்கம், இந்தப் பக்கம், தெருக்கோடி. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த தெரு வாயடைத்துப்போயிற்று.

முதலில் ஓடி வந்தவள் எல்லப்பனின் பெண்சாதி ராஜம்மாள். காலைத் தொட்டுப் பார்த்தாள். கை விரலை மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை. இது எப்போது போன உயிர் என்று கேட்டாள். குணசுந்தரி ஒன்றையும் மறைக்கவில்லை. பவர், வீடு, கொள்ளி, தறி, எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க ராஜம்மாளின் முகம் மாறியது.

“அடப்பாவி, என் ஊட்டுக்காரர இல்ல தீட்டோட சாட்சி வெக்க இட்டுகினு போயிருக்கான்,” என்று வாசலுக்கு ஓடி, தன் மருமகனைச் சைக்கிளில் விரட்டினாள்.

ஆபீசில் நடந்ததை எல்லப்பனே பிற்பாடு தெருவுக்கெல்லாம் சொன்னார். பேர் கூப்பிட்டு, எல்லாரும் மேஜை முன்னால் நின்று, திருமலை பேனாவைத் திறந்த சமயத்தில் மருமகன் போய்ச் சேர்ந்திருக்கிறான். பெரியவர் போய்விட்டாராம் என்றதும் அதிகாரி தலையைத் தூக்கினார். திருமலை பதறவில்லை. பொய், யாரோ வேண்டாதவர்கள் கிளப்பிவிட்டது என்றான். அதோடு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. நம்ப வைக்கிற வேகத்தில் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினான். “சாவு ஊட்டுல தறி ஓடுமாங்க? விடிஞ்சதுலேந்து என் தங்கச்சி உங்க பொண்ணு பொடவையத்தான் நெய்துகினு கீறா. சித்தப்பாவே பாத்தாரு. கேளுங்க,” என்றான்.

தணிகாசலம் எல்லப்பனைப் பார்த்தார். எல்லப்பன் மருமகனைப் பார்த்தார். செத்து வெகு நேரம் ஆயிற்று, விறைத்துவிட்டது என்று அவன் சொன்னான். எல்லப்பன் தோளில் இருந்த துண்டை எடுத்து நெற்றியை அழித்துக்கொண்டு வெளியே நடந்தார். தணிகாசலம் வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. “எம் பொண்ணு பொடவைய, பொணத்துப் பக்கத்துல,” என்று இரண்டு தரம் சொன்னார். திருமலையை அடிக்கக் கை ஓங்கியதாகவும் ஆட்கள் பிடித்துக்கொண்டதாகவும் எல்லப்பன் சொன்னார். அதில் எவ்வளவு நிஜம் என்று தெரியாது. பத்திரம் பதிவாகவில்லை என்பது நிஜம்.

திருமலை வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆம்பிளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்து குணசுந்தரியின் முடியைப் பிடித்தான். ராஜம்மாள் குறுக்கே விழுந்தாள். கொள்ளி வைக்க மாட்டேன், இந்த வீட்டுக்கும் எனக்கும் தீர்ந்தது என்று கத்தினான். எல்லப்பன் அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்திருந்தார்.

“வெக்காத,” என்றார். “நான் வெச்சிக்கிறேன். மெட்ராசுக்கு பஸ்ஸு நெறைய கீது. கெளம்பு.”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. திருமலை கிளம்பவில்லை. சாயந்திரம் மொட்டை போட்டு, சட்டி தூக்கி, அவன்தான் வைத்தான். கன்னியம்மாள் அதற்கு நன்றியாக அவனைப் பார்த்ததைத்தான் குணசுந்தரியால் தாங்க முடியவில்லை.

பால் தெளித்த மறுநாள் தணிகாசலத்தின் ஆள் வந்தான். நெய்த வரைக்கும் அறுத்துக் கொடுக்கச் சொன்னான். கூலி கிடையாது, பட்டுக்கும் ஜரிகைக்கும் ஆனதை இனிமேல் நெய்கிறதில் கழித்துக்கொள்வார்கள் என்றான். அவள் என்ன குற்றம் செய்தாள் என்று கேட்டதற்கு அவன் காதைச் சொறிந்துகொண்டு நின்றான். கத்தரிக்கோலை எடுத்து அவளே அறுத்தாள். அந்தக் கறுத்த பட்டை மேலாக வருகிற மாதிரி மடித்துக் கொடுத்தாள். பார்த்துக்கொள்ளட்டும்.

கருமாதி அன்றைக்கு, விடியலில் அம்மாவின் வளையலை உடைத்து முடித்து, சாப்பாட்டுப் பந்தி எழுந்த பிறகு, திருமலை பத்திரம் எழுதுகிறவரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அதே ஆள்தான். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். இப்போது வீடு மூன்று பேருக்கு ஆகிவிட்டது, அம்மாவுக்கும் வயசாகிவிட்டது, ஆபீஸ் ஆபீஸாக அலைய முடியாது, அம்மா பங்குக்கு ஒரு பவர் இருந்தால் நல்லது என்று மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தைகள். மாற்றிச் சொல்லக்கூட அவன் சிரமப்படவில்லை.

“உன்ன யாரும் கேக்கல. அம்மா குடுத்தாப் போதும்,” என்றான் குணசுந்தரியிடம்.

மடியில் இருந்த கன்னியம்மாளின் கை, யாரும் கேட்காமலே, மெதுவாக முன்னால் வந்தது.

குணசுந்தரி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் இல்லாத மணிக்கட்டு. உடைத்தபோது கீறின இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

“ஊட்டு மேல உனக்கு ஆச,” என்றான் திருமலை. “அதுக்குத்தான் நைனா பொணத்த வெச்சி என்ன ஊர் சிரிக்க வெச்ச. ஆசப் பேயிடி நீ.”

“ஆமா,” என்றாள் அவள். “ஆசதான். எனக்கு ஊடு வேணும். இன்னா பண்ணுவ?”

பத்திரம் எழுதுகிறவர் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று முனகிக்கொண்டே செருப்பைத் தேடப் போனார். திருமலை அம்மாவைப் பார்த்து, நீ சொல்லு, நீ சொல்லு என்றான். கன்னியம்மாள் பிள்ளையைப் பார்த்தாள். மொட்டைத் தலையும் சவரம் செய்த மேலுதடுமாக அவன் சின்னப் பையன் மாதிரி இருந்தான். அவள் கண் கலங்கியது. பிடியில் இருந்த கை ஒருமுறை துள்ளிற்று.

அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் மகளிடம் சொன்னாள்: “கெட்டியாப் புடிச்சிக்கோடி. உட்டன்னா நான் குடுத்துடுவேன்.”